சட்டைப்பையில் கிடந்த ஜெனரேட்டர் சாவி

இரண்டு வருசத்துக்கு முந்தி ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது. கல்முனைப் பக்கம் ஓர் அரசாங்கக் கிளினிக்கில் தடுப்பூசி மருந்துகளுக்கு நான்தான் பொறுப்பு. எனக்கு நிரந்தர நியமனம். உதவிக்கு இருந்தவள் பாண்டிருப்பு ஊர்த் தங்கச்சி; என்னை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுவாள். அவளுக்கு ஆறு மாத ஒப்பந்தம். அது அந்த மாதத்தோடு முடிய இருந்தது. நீடிக்க என் சிபாரிசு வேண்டும். படிவம் இரண்டு கிழமையாக என் மேசையில் கிடந்தது. சோம்பல்தான், வேறென்ன. போகப்போகிறவள் எதற்கு இப்படி ஓடியாடி வேலை செய்கிறாள் என்று நக்கல் வேறு அடிப்பேன்.

அன்று பள்ளிக்கு ஜும்ஆத் தொழுகைக்குப் போனேன். குத்பாப் பிரசங்கம் நடக்கும்போதே கரண்ட் போய், மின்விசிறிகள் நின்றன. வியர்க்க வியர்க்கத் தொழுதேன்; கிளினிக் ஞாபகமே வரவில்லை. வீட்டுக்குப் போய் இறைச்சிச் சோறும் சாப்பிட்டேன். சட்டையைக் கழற்றும்போது பையில் ஏதோ தட்டுப்பட்டது. ஜெனரேட்டர் அறைச் சாவி!

இது இல்லாமல் ஜெனரேட்டரை யாரும் போட்டிருக்க முடியாது. மறுநாள் பிள்ளைகளுக்கு ஊசி போடும் நாள். மருந்து சூடேறினால் அவ்வளவும் குப்பைக்குத்தான். மோட்டார் சைக்கிளில் பறந்தேன்.

பிரிட்ஜ் காலியாக இருந்தது. பக்கத்தில் தங்கச்சி, மருந்தெல்லாம் அடுக்கிய குளிர்ப்பெட்டியோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். மீன் சந்தையில் ஐஸ் கேட்டு வாங்கி, போத்தல்களில் அடைத்து, மருந்து உறைந்துவிடாமல் துணியும் சுற்றி வைத்திருந்தாள். கால் மணிக்கொரு தரம் வெப்பநிலையை ஒரு தாளில் குறித்துமிருந்தாள்.

"எட்டு டிகிரிக்கு மேல ஏற விடல்ல நானா. சாவி கேட்டுப் பள்ளி வாசல் வரைக்கும் வந்தன், உங்கட தொழுகையக் குழப்ப மனம் வரல்ல."

"இந்த மாசத்தோட உனக்கு வேல முடியிதே தங்கச்சி, ஏன் இவ்வளவு பாடுபட்ட?" என்றேன்.

அவள் சிரித்தாள். "என்ட ஒப்பந்தம் எப்ப முடியிற எண்டு நாளைக்கு ஊசி போட வாற புள்ளைக்குத் தெரியுமா?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நானும் நாலு வருசம் ஒப்பந்தத்தில் ஓடியவன்தான். அப்போதெல்லாம் சாவியை ஒப்படைக்காமல் ஒரு நாளும் பள்ளிக்குப் போனதில்லை. ஆனால் நான் ஓடியது நிரந்தரக் கடிதத்துக்காக; அது கைக்கு வந்ததும் கால் நின்றுவிட்டது.

அன்றே படிவத்தை நிரப்பி, நானே கொண்டுபோய் மேலதிகாரியிடம் கொடுத்தேன். சாவி விசயத்தையும் மறைக்காமல் சொன்னேன். எனக்கு ஏச்சுக் கிடைத்தது, அவளுக்கு நீடிப்புக் கிடைத்தது. இப்போது நிரந்தர நியமனத்துக்கும் அவள் பெயர் போயிருக்கிறது.

இன்றும் வெள்ளிக்கிழமை தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டதும் என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போகிறது. சாவியை அவளிடம் கொடுத்த பிறகுதான் தொழுகையில் என் மனம் நிற்கிறது.