கப்பலில் டிரைவர் சீட்டு எங்கே?

டிராவல்ஸ் தொழிலில் பாதி வேலை ஜன்னல் சீட்டுச் சண்டையைத் தீர்த்துவைப்பது. மீதிப் பாதி, வாந்திக்குக் கவர் நீட்டுவது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஆபீஸ் போட்டு, வேளாங்கண்ணி, பழனி, ஊட்டி, உம்ரா டிக்கெட் என்று இந்த இரண்டு வேலையையும் பார்த்தே பிழைத்து வருகிறவன் நான். உங்களில் யாராவது சொந்தக்காரர்களை வேனில் ஏற்றி எங்காவது கூட்டிக்கொண்டு போயிருந்தால் நீங்களும் என் கட்சிதான். உட்காருங்கள், சேர்ந்து அழுவோம்.

போன வருஷம் யாரோ எனக்குச் சூனியம் வைத்ததுபோல ஆபீஸ் வாசலில் ஒரு பேனர் கட்டினேன். சென்னையில் சொகுசுக் கப்பல் ஏறி, இலங்கைத் திரிகோணமலையில் ஒரு பகல் இறங்கி, மறுபடி சென்னை. நான் அதுவரை தண்ணீரில் போனது கொள்ளிடத்தில் பரிசலில் மட்டும். அதை யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

*ஜோதியக்காவின் கண்டிஷன்*

பேனரைப் பார்த்து முதலில் உள்ளே வந்தவர் ஜோதியக்கா. பாடாலூரில் ஹைவே ஓரம் இட்லிக் கடை வைத்திருக்கிறார். வீட்டுக்காரர் செல்வராஜ் அண்ணன் அரியலூர்ப் பக்கம் சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் லோடு அடிக்கும் டிப்பர் லாரி டிரைவர். அக்கா சாப்பாடு என்ன, ரூம் எப்படி என்று எதையும் விசாரிக்கவில்லை. "தம்பி, கப்பல வெளியாளு யாரையும் ஓட்ட வுட மாட்டாங்கள்ல?" என்றார். விட மாட்டார்கள் என்றேன். "கெஞ்சுனாக் கூட?" கெஞ்சினாலும் விட மாட்டார்கள் என்றேன். உடனே முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கல்யாணமாகி வூட்டுக்கு வந்ததே அவரு ஓட்டுன வண்டியிலதான் தம்பி. அன்னையிலேருந்து எங்க போனாலும் அவருதான் ஓட்டுவாரு. நான் பக்கத்துல உக்காந்து பேசுவேன். அவரு ரோட்டப் பாத்துக்கிட்டே 'ம்'பாரு. ஒரே ஒரு தடவ, கையில ஸ்டியரிங் இல்லாத மனுசன் பக்கத்துல உக்காந்து எங்கயாச்சும் போவணும்."

அக்கா போன பிறகு, ஆபீஸில் டிக்கெட் போடும் சுமதி கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கிச் சொன்னாள்: "அண்ணே, அந்தக்கா டூருக்கு வரல. ஸ்டியரிங்குகிட்ட இருந்து புருசனக் கடத்திக்கிட்டுப் போவுது."

*ஹார்பர் வரைக்கும்*

புறப்படுகிற அன்று வேன் பெரம்பலூர் எல்லையைத் தாண்டுவதற்குள்ளேயே செல்வராஜ் அண்ணனின் முகம் வாழைத்தண்டு நிறத்துக்கு வந்துவிட்டது. வாய் நிறைய எச்சில் ஊற, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னவென்று கேட்டேன். அடுத்தவன் ஓட்டும் வண்டியில் உட்கார்ந்தால் தனக்கு வாந்தி வருமாம். வாழ்க்கை முழுக்க லாரியில் போனவருக்கு, பின் சீட்டில் உட்கார்ந்தால் வாந்தி! அக்கா இதை என்னிடம் சொல்லவேயில்லை. மூன்று கவர் காலியான பிறகு, வேன் டிரைவர் தானாகவே கீழே இறங்கி சாவியை நீட்டினார்.

ஸ்டியரிங்கைத் தொட்டதும் அண்ணனுக்கு உயிர் வந்துவிட்டது. உளுந்தூர்பேட்டையில் இரண்டு வடை சாப்பிட்டார், பாட்டுப் போடச் சொன்னார். ஜோதியக்கா பக்கத்தில் உம்மென்று உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் சமாதானமாக ஏதோ சொல்லப் போக, அக்கா திரும்பாமலே சொன்னார்: "ஹார்பர் வரைக்கும்தான் தம்பி அவரோட ஆட்டம்."

*சக்கரம் எந்தப் பக்கம்?*

துறைமுகத்தில் இறங்கியதும் அண்ணன் சட்டைப் பையிலிருந்து எலுமிச்சம்பழங்களை எடுத்தார். எந்த வண்டி கிளம்பினாலும் சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்காமல் அவர் நகர்ந்ததில்லையாம். கட்டடம் போல நின்ற கப்பலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்துவிட்டு, "சக்கரம் எந்தப் பக்கம் தம்பி?" என்றார். கப்பலுக்குச் சக்கரம் கிடையாது என்றேன். தன்னை ஏமாற்றி வண்டி விற்க வந்தவனைப் பார்ப்பதுபோல என்னை ஒரு பார்வை பார்த்தார்.

வரிசை நகர்ந்தது. எங்கள் கூட்டம் மட்டும் நகரவில்லை. கடைசியில் குரும்பலூர் மலர்விழி டீச்சர்தான் வழி சொன்னார். பள்ளிக்கூடத்தில் புவியியல் எடுப்பவர், எதற்கும் பதில் வைத்திருப்பார். டிராலிப் பெட்டிக்குச் சக்கரம் இருக்கிறதே என்றார். அவ்வளவுதான், எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராகப் பெட்டியை எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி இறக்கினார்கள். தரையெல்லாம் ஜூஸ். துடைப்பத்தோடு ஓடிவந்தவரிடம் நான் கும்பிடு போட்டுக்கொண்டிருக்க, மிச்சமிருந்த பழங்களைப் பைக்குள் திணித்துக்கொண்டு அண்ணன் திருப்தியாகச் சொன்னார்: "இனிமே கப்பல் எப்புடிப் போனாலும் நம்ம பொட்டிக்கு ஒண்ணும் ஆவாது."

*அனுபவஸ்தர்*

எங்கள் கூட்டத்தில் கடல் அனுபவம் உள்ள ஒரே ஆள் லப்பைக்குடிக்காடு ஜமால் பாய். துபாயில் ரொம்ப காலம் கடை நடத்தியவர். "என் ரூம் ஜன்னலத் தொறந்தா கடல்தான் தம்பி" என்பதே அனுபவம். கப்பலில் குமட்டாமல் இருக்க வழி சொல்கிறேன் என்று எல்லோரையும் மேல்தளத்தில் உட்காரவைத்து வகுப்பெடுத்தார். வயிறு முட்டச் சாப்பிடக் கூடாது, காலி வயிறும் ஆகாது. இஞ்சி மரப்பா வாயில் இருக்கணும். நியூஸ்பேப்பர் மேலே உட்காரணும். தண்ணீரைக் கிட்டத்தில் பார்க்கக் கூடாது, தூரத்தில் வானம் தொடும் இடத்தைப் பார்க்கணும்.

பேசிக்கொண்டே இருந்தவர் திடீரென்று என் தோளைப் பிடித்தார். தலை சுற்றுகிறது என்றார். கவரை எடுத்துக் கொடுத்தேன், உபயோகமானது. கையைப் பிடித்து ரூமுக்குக் கூட்டிப்போகும் வழியில் ஜன்னலில் பார்த்தேன். கரையில் எங்கள் வேன் அப்படியே நிற்கிறது. கப்பலைக் கட்டிய கயிற்றை இன்னும் அவிழ்க்கவே இல்லை. "பாய், கப்பல் கெளம்பவே இல்லையே" என்றேன். கண்ணை மூடியபடியே சொன்னார்: "தெரியும் தம்பி. இன்ஷா அல்லாஹ் கெளம்புறப்ப எனக்குப் பழகிடும்."

*மீனும் வெந்நீரும்*

கப்பல் கிளம்பியதும் பாய்க்குப் பழகியது. செல்வராஜ் அண்ணன் படுத்தார். எலுமிச்சம்பழத்தை முகர்ந்தார், நியூஸ்பேப்பர் மேலே படுத்தார், கப்பல் டாக்டர் கொடுத்த மாத்திரையும் போட்டார். ஒன்றும் கேட்கவில்லை. "இத ஓட்டுறவரு ராத்திரி தூங்குனாரான்னு விசாரி தம்பி" என்று மட்டும் முனகினார். ஜோதியக்கா சாப்பாட்டுக் கூடத்துக்குத் தனியாக வந்து, தனியாகத் தட்டு எடுத்து, எதிர் நாற்காலியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். ஆசையாகக் கட்டியிருந்த பட்டுப் புடவை. எனக்கே மனசு கேட்கவில்லை.

திரிகோணமலையில் இறங்கி எங்கே போவது என்று அன்று சாயங்காலமே முடிவு செய்ய வேண்டும். திமிங்கிலம் பார்க்கப் படகு. பவளப்பாறைத் தீவுக்கும் படகு. கோணேசர் கோயிலும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளும் என்றால் பஸ். "கடல்லேருந்து எறங்கி, கடல்ல ஏறி, கடல்ல இருக்கறதப் பாக்கணுமா?" என்றார் மலர்விழி டீச்சர். ஜோதியக்கா நடந்தே போகிற இடம் ஏதாவது உண்டா என்று கேட்டார். இல்லை. பஸ்தான் ஜெயித்தது. ஜமால் பாய்க்கு மட்டும் மனசாறவில்லை: "வெந்நியப் பாக்கவா தம்பி இவ்வளவு தூரம் வந்தோம்? எங்கூர்ல சித்திரையில பைப்பத் தொறந்தாலே அதான வருது!"

*கரையில் ஒரு டிரைவர்*

தரையைத் தொட்டதும் அண்ணன் எழுந்துவிட்டார். பஸ்ஸில் ஜோதியக்கா இரண்டு பேர் உட்காரும் சீட்டில் ஜன்னலோரம் போய், பக்கத்தில் கைப்பையை வைத்து இடம் பிடித்தார். அண்ணன் அதைத் தாண்டி நேராக டிரைவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பின்னால் உட்கார்ந்தால் தனக்கு என்ன ஆகும் என்று கையாலேயே சைகை காட்டினார். கைப்பைதான் கோயில் வரைக்கும் அக்காவுக்குத் துணையாக வந்தது.

வழி முழுக்க அண்ணன் இல்லாத பிரேக்கை மிதித்தார், இல்லாத கியரை மாற்றினார், "ஹாரன் அடிங்க, மாடு, மாடு" என்றார். திரிகோணமலைத் தமிழர் அந்த டிரைவர், ரொம்பப் பொறுமைசாலி. கிணற்றடியில் பஸ்ஸை நிறுத்திவிட்டுத்தான் வாயைத் திறந்தார்: "அண்ணை, இந்தாங்கோ ஸ்டியரிங். நான் பின்னுக்குப் போய் அக்காவுக்குப் பக்கத்தில இருந்து இடம் பாக்கிறன்."

*பாடாலூர்ல நிக்குமா?*

திரும்பும்போது கடல் கொந்தளிப்பாக இருந்தது. இந்த முறை யாரும் தப்பவில்லை, நான் உட்பட. என் கவரை நானே எனக்கு நீட்டிக்கொண்டேன். மலர்விழி டீச்சர் மட்டும் படுத்தபடியே பாடம் நடத்தினார்: "அரியலூரே ஒரு காலத்துல கடல்தான். அது வத்தி ரொம்ப நாளாச்சுல்ல, அதான் நமக்குப் பழக்கம் வுட்டுப்போச்சு."

சாயங்காலம் ஜோதியக்கா என்னிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது. "நாளைக்கு ஊரு வந்துரும் தம்பி. அவரு ஒரு வார்த்தை பேசல. கண்ணத் தொறந்து கூடப் பாக்கல. இதுக்கு அந்த லாரியிலயே உக்காந்திருக்கலாம்." என்ன தோன்றியதோ, சாப்பாட்டுக் கூடத்துக்குள் விறுவிறுவென்று போய் பெரிய வட்டத் தட்டு ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். அண்ணனைக் கைத்தாங்கலாக மேல்தளத்தின் முன்பக்கம் கொண்டுபோய், கடலைப் பார்த்து நாற்காலியில் உட்காரவைத்து, தட்டைக் கையில் கொடுத்தார். "புடிங்க. ஓட்டுங்க."

அண்ணன் தட்டைப் பிடித்தார். அலை வரும்போது லேசாக இடது பக்கம் ஒடித்தார், பிறகு வலது. சத்தியமாகச் சொல்கிறேன், கொஞ்ச நேரத்தில் முகத்தில் ரத்தம் ஏறியது. இதைப் பார்த்த எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக நாற்காலியைத் தூக்கிவந்து பின்னால் வரிசையாகப் போட்டு உட்கார்ந்தார்கள். ஜன்னலே இல்லாத இடத்தில் ஜன்னல் சீட்டுக்கு இரண்டு பேர் தகராறு செய்தார்கள். "டிரைவர், பாடாலூர்ல நிக்குமா?" என்று பின்வரிசையிலிருந்து ஜமால் பாய் கத்தினார். "எக்ஸ்பிரஸ்ஸு பாய், நிக்காது" என்றார் அண்ணன், ரோட்டிலிருந்து, அதாவது கடலிலிருந்து, கண்ணை எடுக்காமல்.

ஜோதியக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஏதேதோ பேசிக்கொண்டே இருந்தார். அண்ணன் "ம்" சொல்லிக்கொண்டிருந்தார். இங்கேயும் அதே கதைதானா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அப்போது அக்கா பேச்சை நிறுத்திவிட்டுக் கையை நீட்டினார். "கொடுங்க. கொஞ்ச நேரம் நான் ஓட்டறேன்." அண்ணன் தட்டைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், கடைசியாக அக்காவைப் பார்த்தார். திரும்பி, முழுசாக, நிதானமாகப் பார்த்தார். "பாத்து ஓட்டு" என்று சொல்லித் தட்டைக் கொடுத்தார். இப்போது வாந்தி எடுப்பார் என்று நான் கவரைப் பிரித்தேன்.

எடுக்கவில்லை. அக்கா தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு, வேறொருவர் ஓட்டும் வண்டியில் வாழ்க்கையில் முதல்முறையாக, அவர் நன்றாகவே தூங்கினார். அக்கா தட்டை விடாமல் பிடித்துக்கொண்டு, அலைக்குத் தகுந்தபடி ஒடித்துக்கொண்டு, அவர் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "தூங்குங்க. பாடாலூர் வந்தா எழுப்பறேன்."

ஊர் சுற்றிக் காட்டுவதுதான் என் தொழில் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன், கடைசியில் பார்த்தால் யாருக்கு எந்த சீட்டு என்பதுதான் மொத்தத் தொழிலும், அதைக் கூட இட்லிக் கடைக்காரம்மாதான் எனக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது.