தையல் பிரிக்கும் வரை

எனக்கு வலி வரவில்லை. முதல் தடவை அதுதான் என்னை ஏமாற்றியது. அந்தமானில் லாங் ஐலண்ட் ஜெட்டியில் அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மரக்கூப்பு (காட்டில் மரம் வெட்டும் இடம்) ஆட்களுக்குச் சமைப்பவள் நான். மூட்டைகளைப் பார்த்து வாங்க நின்றிருந்தேன். அடிவயிற்றில் ஏதோ இறங்கி உட்கார்ந்ததுபோல ஒரு பாரம். கொஞ்சம் நீர் கசிந்தது. வெயில் என்று நினைத்தேன். இருட்டுவதற்குள் பிள்ளை போய்விட்டது. அடுத்த தடவையும் அப்படியே, பாதிக் கர்ப்பத்தில், வலியே இல்லாமல்.

நான் பருத்த உடம்புக்காரி. கர்ப்பமானாலும் வெளியே தெரியாது, கலைந்தாலும் தெரியாது. விஷயம் தெரிந்த பெண்கள், கொழுப்பு நசுக்கிவிட்டது என்றார்கள். நானும் நம்பி ஒருவேளைச் சோற்றை நிறுத்தினேன். உடம்பு குறையவில்லை. தலைசுற்றல்தான் வந்தது.

நாலாம் வகுப்போடு நின்றவள் நான். தூத்துக்குடி உப்பளம், இலங்கைத் தேயிலைத் தோட்டம், மண்டபம் முகாம், அப்புறம் அந்தமான். ஓரிடம் சரிப்படாவிட்டால் மூட்டையைக் கட்டிவிடுவேன். எனக்குத் தெரிந்த மருந்து அது ஒன்றுதான். என் கணவர் சவரிமுத்து வெட்டிய மரத்தடிகளை இழுக்கும் படகில் வேலை பார்த்தார். மூன்றாவது தங்கியதும் கேம்ப் கம்பவுண்டர், இந்தத் தடவை ஒன்றும் நடப்பதற்கு முன்பே போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்குப் போய்விடு என்றார். சவரிமுத்துவுக்கு லீவு கிடைக்கவில்லை. தனியாகக் கப்பலேறினேன்.

டாக்டரம்மா இந்தியில் பேசினார். மலையாளி சிஸ்டர் தனக்குத் தெரிந்த தமிழில் எடுத்துச் சொன்னாள். கருப்பை வாய் (பிரசவம்வரை மூடியிருக்க வேண்டிய கழுத்துப் பகுதி) எனக்குப் பாரம் ஏறியதும் தானே திறந்துகொள்கிறதாம். அதைச் சுற்றித் தையல் போட்டு இறுக்கினால் பிள்ளை தங்கலாம். தங்காமலும் போகலாம். பேறுகாலம் நெருங்கும்போது தையலைப் பிரிக்க வேண்டும். பிரிக்கும் முன் வலி கண்டால் வாய் கிழிந்துவிடும். அதனால் கப்பலை நம்பி ஊருக்குத் திரும்பக் கூடாது.

"நான் தின்னதாலயா ரெண்டும் போச்சு?" என்று கேட்டேன்.

சிஸ்டர் டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டுத் திரும்பினாள். "தடி கூடினா பிரஷர் வரும், சுகர் வரும், ஆபரேஷனும் கஷ்டம். அதெல்லாம் உண்மை. பட்சே, பிள்ளைகளை நீ தின்னு கொல்லல்ல. இனி பட்டினி கிடக்கண்டா."

முதுகில் மரத்துப்போகும் ஊசி போட்டார்கள். சதைக்குள் எலும்பின் இடுக்கு அகப்படாமல் பலமுறை குத்தினார்கள். தையல் போட்டபோது ஒன்றும் தெரியவில்லை. அரிசிச் சாக்கின் வாய் நினைவுக்கு வந்தது. சரியான நூலைப் பிடித்து இழுத்தால் அந்தத் தையல் முழுதும் ஒரே இழுப்பில் வந்துவிடும். அதற்குப் பிறகு பல நாள் தும்மக்கூடப் பயந்தேன்.

கட்டிலின் கால்பக்கத்தைச் செங்கல் வைத்து உயர்த்தி, எழுந்திருக்காமல் படுத்திருக்கச் சொன்னார்கள். இப்போதெல்லாம் அவ்வளவு படுக்கச் சொல்வதில்லையாம். உங்கள் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். வங்காளிப் பெண்கள், தெலுங்குப் பெண்கள் வந்தார்கள், பெற்றார்கள், போனார்கள். பார்வை நேரத்தில் வார்டு நிரம்பும். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வேன். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் போர்வைக்குள் என் கால்கள் தாமாக அசையும்.

கப்பல் சாரங் (மாலுமிகளின் தலைவர்) மூலம் சவரிமுத்துவுக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன்: ஆபரேஷன் முடிந்தது, இங்கேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள் என்று. அடுத்த நடையில் சாரங் வார்டு வாசலில் வந்து நின்றார்.

"தேரா ஆத்மி போலா, ரோனா மத். கர் ஆஜா."

அழாதே, வீட்டுக்கு வந்துவிடு என்று என் புருஷன் சொன்னாராம். கூப்பில் பிள்ளைக்காக ஜெபமும் வைத்தார்கள் என்றார். கரையோரம், முன்பு போன பிள்ளைகளுக்கு நட்ட இரண்டு சிலுவை இருந்த இடத்தில் சவரிமுத்து மூன்றாவதையும் நட்டுவிட்டாராம்.

எனக்குப் புரியச் சற்று நேரமானது. கூப்பில் ஆபரேஷன் என்றால் எடுப்பது. தடியில் நசுங்கிய விரலை எடுப்பார்கள், அழுகிய காலை எடுப்பார்கள். ஒன்றை உள்ளேயே வைத்துக்கொள்ள ஆபரேஷன் உண்டென்று அங்கே யாரும் கேள்விப்பட்டதில்லை.

"ஜிந்தா ஹை," என்றேன். உயிரோடு இருக்கிறது. சாரங் என் வயிற்றைப் பார்த்தார். அவர் கண்ணுக்கு அது வெறும் வயிறு. தலையாட்டிவிட்டுப் போனார்.

பிள்ளை இருப்பது எங்கள் ஆட்களில் எனக்கு மட்டும்தான் தெரியும். அன்று மூட்டையைக் கட்டினேன். சிஸ்டர் பார்த்துவிட்டாள்.

"எங்கே?"

"அவரு அங்க தனியா கெடந்து அழுவாரு, சிஸ்டர். நேர்ல போய்ச் சொல்லிட்டு வந்துர்றேன்."

"இப்போ அவன் ஒருத்தன் தனியா. வழியில இதும் போச்சுன்னா, ரெண்டு பேரும் தனியா."

மூட்டையை நானே அவிழ்த்தேன். என் ஆயுளில் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

மழைக்காலம். கப்பல் நாள் தள்ளித் தள்ளி வந்தது. அதில் சவரிமுத்துவே வந்துவிட்டார், என்னை அழைத்துப்போக. என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"வா புள்ள, ஊருக்குப் போவம். நமக்குப் பிள்ள வேண்டாம்."

"சாரங் சொல்லலையா?"

"சொன்னாரு. ஆறுதலுக்குச் சொல்லுதாருன்னு நெனச்சேன்."

அவர் கையை எடுத்து என் வயிற்றில் வைத்தேன். டாக்டரம்மாவே குழலை வைத்து வெகுநேரம் தேடித்தான் பிள்ளையின் துடிப்பைக் கேட்பார்.

"ஒண்ணும் தெரியலயே."

"தெரியாது. அம்புட்டும் சதை. கைய எடுக்காதீங்க."

பார்வை நேரம் முடிந்து மணி அடித்தார்கள். சிஸ்டர் எங்களைப் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். அவர் கை வேர்த்தது. அப்புறம் அந்தக் கை துள்ளியது. சவரிமுத்து தரையில் உட்கார்ந்தார்.

மறுநடையில் அவர் திரும்பிப்போனார். நான் கிடந்தேன். பிரஷர் ஏறியது, இறங்கியது. ஒருநாள் தையலைப் பிரித்தார்கள். என்னை அத்தனை காலம் கட்டிப்போட்ட நூலைக் காட்டச் சொன்னேன். விரல் நீளம்கூட இல்லை. சில நாள் கழித்து வலி வந்தது. எனக்கு வலி என்றால் என்னவென்று அப்போதுதான் தெரிந்தது. பெண் குழந்தை. சிறியதுதான், ஆனால் சத்தமாக அழுதது.

லாங் ஐலண்டில் இறங்கியபோது, போனபோது இருந்த அதே உடம்போடு இறங்கினேன். ஜெட்டியில் ஒருவர், யார் பிள்ளை என்று கேட்டார். சவரிமுத்து மூன்றாவது சிலுவையைப் பிடுங்கி, அதன் நெடுங்கட்டையைச் சீவித் தொட்டில் கம்பாக்கினார். மற்ற இரண்டும் அங்கேயே நின்றன.

அதற்குப் பிறகும் ஹேவ்லாக், மாயாபந்தர் என்று நாங்கள் மாறிக்கொண்டேதான் இருந்தோம். ஆனால் மூட்டை கட்டும்போது என் கை நின்றுவிடுகிறது. அடிவயிற்றில் கையை வைத்து ஓர் அசைவுக்குக் காத்திருக்கிறேன். உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரியும். இருந்தாலும் சற்று நேரம் கொடுத்துவிட்டுத்தான் முடிச்சுப் போடுகிறேன்.