இழுத்துப் பிடித்த மூச்சு

மருத்துவமனையில் அவருக்கு மூச்சக்கா என்று பெயர். எக்ஸ்ரே அறையின் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, இருபத்திரண்டு வருடமாக மைக்கில் இரண்டே வாக்கியம் சொல்லிவருகிறார். "மூச்சை இழுத்துப் பிடிங்க." பொத்தானை அழுத்திய பிறகு, "விடுங்க." பள்ளி வேன் ஓட்டும் அவர் கணவர், "இவ சொன்னாத்தான் எங்க வீட்டுல மூச்சே விட முடியும்" என்பார்.

ஞாயிறுதோறும் சபையில், தொடக்கமும் முடிவும் இல்லாமல் எல்லாவற்றையும் ஆளுகிறவரைப் புகழ்ந்து பாடுவார். நல்ல குரல். பாடும்போது ஒருநாளும் பயந்ததில்லை.

போன மாதம் ஒரு காலை, நெஞ்சு வலி என்று ஒரு பெரியவரைப் படுக்கையோடு தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"ரொம்ப நேரம் பிடிக்கச் சொல்லாதம்மா. பழைய வண்டி" என்றார் அவர்.

அக்கா சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினார். பிடிக்கச் சொன்னார். பெரியவரின் மார்பு உயர்ந்து நின்றது. பொத்தானை அழுத்தினார். உடனே கைபேசி அடித்தது. கணவர், வேன் சாவியைக் காணோம் என்றார்.

"ஃபிரிட்ஜ் மேல பாருங்க. மேலன்னா மேல. ஏன் திறந்து பாக்குறீங்க?"

பேசி வைத்த பிறகுதான் உறைத்தது, விடச் சொல்லவே இல்லை. நிமிர்ந்து பார்த்தார். மார்பு இன்னும் உயர்ந்தே இருந்தது. அக்கா மைக்கை நெருங்கும் முன், உள்ளே எழும் சத்தத்தைக் கேட்கவைக்கும் ஸ்பீக்கரில் மூச்சு வெளியேறும் சத்தம் வந்தது. நீளமாக, நிதானமாக, அனுமதி கிடைத்தவர் விடுவதுபோல. மார்பு தாழ்ந்தது. உள்ளே ஓடியபோது உயிர் இல்லை.

"நான்தான் கொன்னுட்டேன் டாக்டர்" என்றார் அக்கா.

டாக்டர் படத்தைத் திரையில் பெரிதாக்கினார். அந்தப் பழைய இயந்திரத்தில் யாருடைய இதயமும் ஓரத்தில் கொஞ்சம் கலங்கித்தான் விழும், துடிப்பதால். இதில் ஓரம் கத்தரித்ததுபோல் தெளிவாக இருந்தது.

"படம் எடுக்கும்போதே நின்னுடுச்சு. போன் வர்றதுக்கு முன்னாடியே. உங்க மேல எதுவும் இல்ல."

"ரெண்டு நிமிஷம் பேசியிருக்கேன் டாக்டர். அதுவரைக்கும் மூச்சைப் பிடிச்சிருந்தது யாரு?"

டாக்டர் திரையை அணைத்தார். "படத்துல தெரியறதத்தான் நான் சொல்ல முடியும்."

இரவு சாப்பாட்டின்போது கணவர் மெல்லக் கேட்டார். "நான் கூப்பிட்டதாலயா?"

"இல்லங்க. விடுங்கன்னு நான் சொல்லல. ஆனா யாரோ சொன்ன மாதிரி விட்டாரு."

"யாரு சொல்லியிருப்பாங்கன்னு உனக்குத் தெரியாதா? வாராவாரம் பாடுறியே."

அக்கா தட்டைத் தள்ளி வைத்தார். தெரியும் என்பதுதான் பயம். உலகம் உண்டாகும் முன்பே இருந்தவர், ஈயக் கதவு சாத்திய அந்தச் சின்ன அறையில், தான் சாவியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, தன்னைக் கேட்காமல் தம் வேலையைச் செய்திருக்கிறார். அந்த மூச்சுச் சத்தத்தில் கோபமும் இல்லை, இரக்கமும் தெரியவில்லை. அவசரமும் துளிகூட இல்லை.

ஒரு வாரம் விடுப்பு எடுத்தார். வேலையை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தார். கடைசியில், ஒரு நாள் போய்ப் பார்க்கிறேன் என்று கிளம்பினார்.

முதலில் வந்தது இருமல்காரப் பெண் ஒருத்தி. அக்கா பிடிக்கச் சொன்னார், பொத்தானை அழுத்தினார். அதன்பின் நாக்கு எழவில்லை. ஸ்பீக்கரில் மெல்லிய இரைச்சல் மட்டும். காத்திருந்தார். எதற்காகக் காத்திருக்கிறோம் என்று தெரிந்ததும் மைக்கை இழுத்து, கெஞ்சுவதுபோல், "விடுங்க" என்றார்.

சட்டையைச் சரிசெய்துகொண்டே வந்த பெண் கேட்டாள். "முதல்ல சொன்னப்பவே விட்டுட்டேனேக்கா. எதுக்கு இன்னொரு தடவை சொன்னீங்க?"

யார் குரலில் கேட்டது என்று அக்கா கேட்கவில்லை. உட்கார்ந்திருந்தவர், சபையில் பாட எழுவதுபோல் எழுந்து நின்றார். நின்றபடியே அடுத்தவரை உள்ளே வரச் சொன்னார்.