பலூனுக்குள் வாப்பா

பலூன் என்றால் ஓரிரு நாளில் சுருங்கிப்போகும், இது ஊருக்கே தெரியும். எங்கள் வீட்டுப் பச்சைப் பலூனுக்கு மட்டும் தெரியவில்லை.

வாப்பா துபாய்க்குச் சபர் கிளம்பிய காலையில் ஊதித் தந்தது அது. வாசலில் வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. என் அழுகையை நிறுத்த வேறு வழி தெரியாமல், கன்னம் இரண்டும் உப்ப ஊதி, உம்மாவின் பீடித் தட்டில் கிடந்த நூலால் பலூன் வாயைக் கட்டினார்.

"என் மூச்சு இதுக்குள்ள இருக்கு. பத்திரமா வச்சுக்க."

வேன் கிளம்புகிற நேரத்தில் பெரியவர்கள் எதையாவது சொல்வார்கள். நான் அதைச் சத்தியமாகவே எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் மேலப்பாளையம் வீட்டில் நானும் உம்மாவும்தான். உம்மா நாள் முழுக்கப் பீடி சுற்றுவாள். அந்தப் புகையிலைத் தூளில் அவளுக்கு நெஞ்சு இரைக்கும். மாடிக்குப் போனால் பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிடுவாள். பேச்சும் குறைவு. போனில் வாப்பாவின் முகம் வரும், அப்படியே உறைந்து நிற்கும், போய்விடும். அதனால் நான் பலூனோடு பேசினேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், உம்மாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பலூனில் கன்னத்தை வைத்து அன்றைய கதையெல்லாம் ஒப்பிப்பேன். மாதங்கள் போயும் அது கிண்ணென்றே இருந்தது.

வகுப்பில் சுவாசம் பாடம் வந்தது. உள்ளே இழுக்கும் காற்றில் இருக்கிற ஆக்சிஜனை நுரையீரலில் ரத்தம் வாங்கிக்கொள்கிறது, பதிலுக்குக் கார்பன் டை ஆக்சைடைக் கொடுத்தனுப்புகிறது. அதனால் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரில் மூச்சை ஊதினால் பால்போல் வெளுக்கும், நாளைக்கு ஊதிப் பார்க்கலாம் என்றார் டீச்சர். நான் பக்கத்துப் பெஞ்சுக்காரியிடம் பலூன் ரகசியத்தைச் சொல்லித் தொலைத்தேன்.

"அதுல இருக்கது வெறும் காத்துட்டி. உங்க வாப்பாதான் எப்பமோ போயிட்டாவளே."

நிரூபித்தே ஆக வேண்டும். நிரூபித்தால் பலூன் காலி. அன்று ராத்திரி உம்மாவிடம் சொன்னேன். காலையில் குளித்துவிட்டு வந்தபோது பலூன் துணிப்பையில் தயாராக இருந்தது. உம்மா சுவரில் சாய்ந்து இரைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன உம்மா?"

"பீடித் தூளு, வேற என்ன? பையப் பையக் கொண்டு போ, நசுக்கிராத."

வகுப்பில் நூலை அவிழ்த்து, உறிஞ்சுகுழலைச் செருகி, வாப்பாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்குள் விட்டேன். குமிழ் வந்தது. பிறகு பால்! பெஞ்சுக்காரி எட்டி எட்டிப் பார்த்தாள்.

வீட்டுக்கு ஓடிவந்து காலிப் பலூனை ஆட்டினேன். "உம்மா, வாப்பா மூச்சேதான்! பாலா வெளுத்துட்டு!"

உம்மா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அவுகளுக்கு நல்ல மூச்சுட்டி," என்றாள், இரைப்புக்கு நடுவில்.

இப்போது கல்லூரியில் அதே சுவாசத்தைத் தடிப் புத்தகங்களில் படிக்கிறேன். ரப்பர் வழியாகக் கார்பன் டை ஆக்சைடு வெகு சீக்கிரம் கசிந்துவிடுமாம். மாதக்கணக்கான மூச்சு சுண்ணாம்புத் தண்ணீரை வெளுக்க வைக்காது. அன்று பலூனில் இருந்தது அன்று காலை ஊதிய மூச்சு.

இது அப்போதே தெரிந்திருந்தால், பலூனோடு பேசும்போது கொஞ்சம் உம்மா பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பேன்.