பத்தாலுங்கில் எங்கே சாப்பிடலாம்?

மொன்றியலில் எங்கே சாப்பிட்டோம் என்பது ஒரு பெரிய கதை. சென்ட் லோரன்டில் மருந்துக் குளிசைகளைப் பெட்டியில் அடைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். திங்கட்கிழமை காலையில் அங்கே வாயைத் திறப்பவர்கள் எல்லாரும் சனிக்கிழமை போன சாப்பாட்டுக் கடையைப் பற்றித்தான் பேசுவார்கள். எந்தக் கடை, எத்தனை நட்சத்திரம், மேசை கிடைக்க எவ்வளவு நேரம் குளிரில் நின்றார்கள் என்பதெல்லாம் வரும். ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். நாங்கள் சாப்பிட்டாச்சா என்று கேட்போமே தவிர எங்கே என்று கேட்க மாட்டோம். கனடாவுக்கு வருமுன் நான் தாய்லாந்தில் இருந்தவள் என்று கேள்விப்பட்டதும், கூட வேலை செய்யும் சில்வி கண்ணை அகல விரித்தாள். "இரண்டு வருஷமா! குடுத்து வைச்சவள் நீ. நல்ல கடைகளின் பெயரைச் சொல்லு" என்று பிரெஞ்சில் கேட்டாள். வீட்டில்தான் சாப்பிட்டேன் என்றேன். "சரியான கூச்சக்காரி" என்று என் தோளில் தட்டிச் சிரித்தாள். அதற்கு மேல் விளக்கம் சொல்ல என் பிரெஞ்சுக்குப் பலம் காணாது. என் சோற்றுப் பெட்டியைத் திறந்தேன்.

இந்தக் குளிர்கால விடுமுறையில் அதே கேள்வியை என் மகள் கேட்டாள். அபிக்குப் பத்தொன்பது வயது. கூடப் படிக்கும் கமீல் என்ற பிள்ளையோடு, முதுகில் பையைக் கொழுவிக்கொண்டு தாய்லாந்து சுற்றப் போயிருந்தாள். கடற்கரையோடு நின்றுவிடுவாள் என்று நினைத்தேன். காலை ஆறு மணி, நாங்கள் இருக்கும் லாசாலில் இன்னும் விடியவில்லை. இவர் வேலைக்குப் போய்விட்டார். நானும் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு வெளிக்கிட்டபோது செய்தி வந்தது. "அம்மா, நாங்க பத்தாலுங் வந்திட்டம். இந்த ஊர்ச் சாப்பாடு எங்க நல்லம்?" அங்கே அப்போது மாலை ஆறு மணி. ஜாக்கெட்டோடு குசினிக் கதிரையில் இருந்துவிட்டேன்.

பத்தாலுங் தென் தாய்லாந்தில் ரயில் நின்று போகும் ஒரு சிறிய நகரம். இரண்டு வருஷம் அங்கே இருந்தும் ஒரு கடையின் பெயர்கூட எனக்குத் தெரியாது. விசா முடிந்தவர்கள் கடைக்குப் போய் ஆறுதலாக இருந்து சாப்பிடுவதில்லை. இவர் இருட்டோடு மீன் சந்தைக்குப் பெட்டி தூக்கப் போய்விடுவார். நானும் அப்போதுதான் நடக்கப் பழகிய அபியும் மாடி அறைக்குள் கிடப்போம். குளியலறை ஜன்னலால் பார்த்தால் நடுவில் ஓட்டை விழுந்த ஒரு மலை தெரியும். நான் கண்ட பத்தாலுங் அவ்வளவுதான்.

சாப்பாடு கொண்டு வருவது கீழ் அறையில் இருந்த நொய் அக்கா. அந்த ஊரில் குழம்பையும் பொலித்தீன் பையில் ஊற்றி, றப்பர் பாண்டால் இறுக்கிக் கட்டித் தருவார்கள். அக்கா பையைக் கதவுப் பிடியில் கொழுவிவிட்டுப் போய்விடுவார், தட்டமாட்டார். தட்டினால் அது பொலிஸாக இருக்கும் என்று நாங்கள் நடுங்குவது அவருக்குத் தெரியும். தட்டினால் என்ன செய்வது என்று இவர் என்னைப் பழக்கியிருந்தார். லைற்றை அணை, பிள்ளையை மடிக்குள் இழு, ஜன்னலுக்குக் கீழே நிலத்தில் இரு, வாய் திறவாதே. ஒருமுறை தட்டியது வீட்டுக்காரர், தண்ணீர்க் குழாய் பார்க்க வந்தவர். அவர் போய் வெகுநேரமாகியும் நாங்கள் நிலத்தை விட்டு எழும்பவில்லை. பைக்குள் அனேகமாகக் கனோம் சீன் இருக்கும். அரிசி மாவைப் பிழிந்து எடுத்த நூல், எங்கள் இடியப்பத்துக்குத் தங்கச்சி முறை. மேலே தேங்காய்ப்பாலில் மீன் கரைத்த மஞ்சள் குழம்பு. முதல் வாயிலேயே இடியப்பத்துக்கு ஊற்றும் எங்கள் தேங்காய்ப்பால் சொதியின் நினைவு வந்து அழுதுவிட்டேன். அதையும் சத்தமில்லாமல்தான் அழ வேண்டியிருந்தது.

இதெல்லாம் அபிக்குத் தெரியாது. சின்ன வயதில் அங்கே கொஞ்சக் காலம் இருந்தோம் என்று மட்டும் சொல்லி வளர்த்திருக்கிறோம். நொய் அக்கா சாப்பாடு வாங்கி வரும் சைக்கிள், ரயில் சத்தம் கேட்கும் பக்கத்திலிருந்துதான் வரும். அந்த ஒரு துப்பை வைத்து, "ஸ்டேஷன் பக்கம் போய்க் கனோம் சீன் எண்டு கேள்" என்று எழுதினேன். சற்று நேரத்தில் ஒரு கடை மேசையில் இருந்தபடி வீடியோவில் கூப்பிட்டாள்.

"அம்மா, இதில கன கடை இருக்கு. எது?"

"எனக்குத் தெரியாது பிள்ளை. ஆரும் பொம்பிளையளிட்டக் கேள்."

"பக்கத்து மேசையில ஒரு பொலிஸ்காரர் இருக்கிறார். அவரிட்டக் கேக்கிறன்."

"வேண்டாம்! அபி, எழும்பி வா அதால."

"ஏன் அம்மா? அவர் பாவம், தேத்தண்ணி குடிக்கிறார்."

கேட்டேவிட்டாள். எந்த ஊர் என்று அவர் விசாரிப்பது கேட்டது. கனடா என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "குழந்தையா இருக்கேக்க இங்கதான் இருந்தனான்" என்று இங்கிலிஷில் பெருமையாகச் சொன்னாள். ஊர் உலகத்துக்கே மறைத்த ஒரு வசனத்தை என் மகள் ஒரு பொலிஸ்காரருக்குப் புன்னகையோடு சொல்கிறாள். பாஸ்போட்டைக் கேட்பார், பழைய விசாப் பதிவைத் தேடுவார், எப்படி வந்தாய், எப்படி இருந்தாய் என்று உள்ளே கூட்டிப் போவார் என்றெல்லாம் மனம் ஓடியது. அவளிடம் இருப்பது கனடா பாஸ்போட், ஒரு குறையும் இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் கதவு பூட்டியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன்.

"அம்மா, இந்தக் கடை சரியில்லையாம். வேற கடை காட்டுறாராம். நாங்க அவரோட போறம்."

"போகாத! அபி!"

படம் ஆடியது. ஈர நிலம், ஒரு சந்து, முன்னால் நடந்துபோகும் சீருடை முதுகு. பிறகு தொடர்பு அறுந்தது. திரும்பத் திரும்ப அடித்தேன், எடுக்கவில்லை. என் பஸ் வெளியே வந்து நின்றுவிட்டுப் போன சத்தம் கேட்டது.

ஒருவழியாக அவளே எடுத்தாள். நீளமான மேசை, வரிசையாகக் குழம்புச் சட்டிகள், தட்டில் பச்சை மரக்கறி. தலை நரைத்த அந்தப் பொலிஸ்காரர் கமீலின் கோப்பைக்குள் அகப்பையால் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தார். "அம்மா, இதுதான்! இந்த மணம் எனக்குத் தெரியும்" என்றாள் அபி. கண் கலங்கியிருந்தது. "நான் இந்த ஊர்ப் பிள்ளையாம், எனக்கு உறைப்புக் குறைக்கத் தேவையில்லையாம். இஞ்ச பாருங்கோ, அவர் உங்களுக்கு வணக்கம் சொல்லுறார்."

ரெலிபோன் அவர் பக்கம் திரும்பியது. அவர் இரண்டு கையையும் கூப்பி, "சவாடீ காப்" என்றார்.

"அம்மா? நிக்கிறீங்களா? உங்களத் தெரியேல்லை. ஏன் இருட்டா இருக்கு?"

அப்போதுதான் கவனித்தேன். குசினி லைற் அணைந்திருந்தது. நான் ஜன்னலுக்குக் கீழே நிலத்தில், முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தேன். எப்போது அணைத்தேன், எப்போது இருந்தேன் என்று எனக்கே தெரியாது.

"கரண்ட் இல்லை பிள்ளை. நீ ஆறுதலாச் சாப்பிடு" என்று மெல்லச் சொன்னேன். அவள் கோப்பையை வழித்துச் சாப்பிட்டு முடித்து, அந்தப் பொலிஸ்காரர் கையசைத்துவிட்டுப் போகும்வரை நான் லைற்றைப் போடவில்லை.