தலைமாட்டுக் கயிறு

எங்கள் தீவில் யார் இறந்தாலும் முதலில் இரண்டு பேருக்குத்தான் ஆள் போகும். ஒருவன் நான், பெட்டி செய்ய. இன்னொருவன் வால்டர் டாட்ஸ், முறை சொல்ல. பாதிரியாருக்குச் சொல்வதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பெட்டியைக் குழிக்குள் இறக்க எட்டுக் கயிறு. எந்தக் கயிறு யார் கையில் என்பதை ரத்த உறவு தீர்மானிக்கும். தலைமாட்டுக் கயிறு மிக நெருங்கிய ஆணுக்கு, அதிலும் அப்பா வழி ஆளுக்கு. கால்மாட்டுக் கயிறு அடுத்தவனுக்கு. அப்படியே இறங்கி வந்தால் எட்டாவது கயிறு பக்கத்து வீட்டுக்காரனுக்கு. இதில் ஆள் மாறிப் போனால் இரண்டு குடும்பங்கள் சாகும்வரை முகம் பார்க்காது. என் மாமனார் வீட்டுக்கும் அவர் பெரியப்பா வீட்டுக்கும் பேச்சு நின்று போனது அப்படித்தான். வால்டர் முறை சொல்ல ஆரம்பித்த பிறகு எங்கள் வட யூயிஸ்ட் தீவில் அந்தச் சண்டை ஒன்றுகூட வரவில்லை. இதற்கே இந்தத் தீவு அவனுக்குக் கோயில் கட்டலாம். நாங்கள் டீயோடு நிறுத்திக்கொண்டோம்.

அவன் தபால் வண்டி ஓட்டியவன். எங்கள் ஊர் ஓர்ஸவிக்கில் பாதி ஆண்களுக்குப் பெயர் டொனால்ட், மீதிப் பேருக்கு ஆங்கஸ். குலப்பெயரைச் சேர்த்தாலும் எல்லாரும் மெக்கூயிஷ் அல்லது மெக்டொனால்ட். அதனால் அப்பன் பெயரையும் தாத்தன் பெயரையும் அடுக்கினால்தான் ஆள் யாரென்று தெரியும், கடிதமும் சரியான வீட்டுக்குப் போகும். வால்டர் அப்படி அடுக்கி அடுக்கியே பத்துப் பன்னிரண்டு தலைமுறைக்கு ஏறிவிட்டான். கோடைக்காலத்தில் கனடாவிலிருந்தும் கரோலினாவிலிருந்தும் வருகிறவர்கள் அவன் வண்டியைக் கைகாட்டி நிறுத்துவார்கள். இரண்டு பெயர் சொன்னால் போதும். என்ஜினைக்கூட அணைக்காமல், எந்த வீட்டிலிருந்து போனவர்கள், எந்தச் சுவர் இன்னும் நிற்கிறது, இங்கே இப்போது யார் சொந்தம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவான்.

ஒருமுறை ஓஹியோவிலிருந்து ஓர் அம்மாள் வந்தாள். அவள் வைத்திருந்த வம்சாவளியில் என் தாத்தா லாக்லன் கைக்குழந்தையிலேயே இறந்துவிட்டார். ஏனென்றால் அவருக்குப் பின்னால் பிறந்த தம்பியின் பெயரும் லாக்லன். மூத்தது செத்ததால்தான் அதே பெயரை மறுபடி வைத்திருக்க வேண்டும் என்று அவளே கணக்குப் போட்டுவிட்டாள். எங்கள் வழக்கம் அவளுக்கு எப்படித் தெரியும்? மூத்தவனுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயர், இளையவனுக்கு அம்மாவைப் பெற்றவர் பெயர். இரண்டு தாத்தாவும் லாக்லன் என்றால் இரண்டு பேரனும் லாக்லன்தான். யாரை விட்டுவிட முடியும்? பெரிய லாக்லன், சின்ன லாக்லன் என்று கூப்பிட்டுக்கொண்டால் போயிற்று.

“அம்மா, நீங்க கொன்னுட்ட குழந்தையோட பேரன் உங்க பின்னாடிதான் நிக்கறான். பேரு லாக்லன். பெட்டி வேணும்னா சொல்லுங்க, நல்லாச் செய்வான்” என்றான் வால்டர்.

எனக்கு அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது. பிறக்காதவனாக்கி விட்டாளே என்று. ஆனால் சின்ன லாக்லன் வழி வந்த அந்த அம்மாள் இப்போது ஒவ்வொரு புத்தாண்டுக்கும் தொலைபேசியில் கூப்பிடுகிறாள். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. மணி அடித்தால் ஓடிப்போய் எடுக்கிறேன். அந்த மணி வால்டர் எனக்குக் கொடுத்தது.

இவ்வளவு பேருக்கு வேர் காட்டிய வால்டருக்குச் சொந்த வேர் எதுவும் கிடையாது. கிளாஸ்கோவில் பெற்றோர் இல்லாத பிள்ளைகளைத் தீவு வீடுகளில் வளர்க்க அனுப்புவது அந்தக் காலத்து வழக்கம். வளர்க்கிற வீட்டுக்கு மாதாமாதம் ஒரு தொகை வரும். வால்டர் ஐந்து வயதில் அப்படி வந்தவன். கல்யாணமாகாத எஃபி மெக்கூயிஷும் அவள் அண்ணன் ஆங்கஸும் அவனை எடுத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். எங்கள் கேலிக் மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. முதலில் நான் நல்ல வசவாக நாலு சொல்லிக் கொடுத்தேன். அதை எஃபியிடம் போய்ச் சொல்லிக் காட்டியிருக்கிறான். அவள் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து என் காதைத் திருகினாள்.

எஃபியின் வாய் அப்படி. கையும் அப்படித்தான். வால்டருக்குப் பத்து வயதிருக்கும்போது ஓர் அதிகாரி வந்தார். பையனை வேறொரு வீட்டுக்கு மாற்றப்போவதாகச் சொன்னார். எஃபி மாட்டுக் கொட்டகை வாசலில், சாணம் அள்ளுகிற கவைக்கோலைக் கையில் பிடித்தபடி நின்றாள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பையன் கிழங்கு தோண்டப் போயிருக்கான். கிழங்கு முடிஞ்சதும் வாங்க.”

“கிழங்கு எப்பம்மா முடியும்?”

“எங்க ஊர்ல அது முடியறதே இல்லைங்க.”

அந்த மனிதர் கவைக்கோலைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், போய்விட்டார். திரும்பி வரவே இல்லை.

வால்டர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆங்கஸ் போன பிறகு அந்த வீட்டில் இவர்கள் இருவர்தான். எஃபி படுக்கையில் விழுந்த கடைசி வருடங்களில் கஞ்சி காய்ச்சி ஊட்டியதும், தலை வாரி விட்டதும், காது கேட்காதவளுக்குத் தினமும் செய்தியைக் கத்திச் சொன்னதும் அவன்தான். எல்லாவற்றிற்கும் ‘அத்தை, அத்தை’ என்பான். வந்த முதல் நாளில் அப்படிக் கூப்பிடச் சொல்லியிருக்கிறார்கள், கடைசிவரை அப்படியே நின்றுவிட்டது.

எஃபிக்கு ஒரே ஒரு குறை இருந்தது. “எங்க வழி என்னோட முடிஞ்சுபோச்சுடா” என்பாள். அதைக் கேட்டுக் கேட்டு வால்டருக்குப் பொறுக்கவில்லை. அவளுடைய கொள்ளுத்தாத்தாவின் தம்பி ரூரி, நிலப்பிரபுக்கள் குடியானவர் நிலத்தை ஆட்டுப் பண்ணைக்காகப் பிடுங்கிக்கொண்ட காலத்தில் கப்பலேறிக் கனடாவின் கேப் பிரெட்டனுக்குப் போனவர். பெயர் வைக்கிற வரிசையைப் பிடித்துக்கொண்டு வால்டர் தேடினான். அங்கிருந்து வருகிற ஒவ்வொருவரிடமும், உங்கள் பக்கம் ஆங்கஸ் மகன் ரூரி, ரூரி மகன் ஆங்கஸ் என்று மாறி மாறி வருகிற மெக்கூயிஷ் வீடு எது என்று கேட்டான். பல வருடம் கழித்து ஒரு தொலைபேசி எண் கிடைத்தது. எடுத்தவர் நீல் மெக்கூயிஷ். எண்ணெய் வயலில் வெல்டிங் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, ஒரே மகள் தூர ஊரில். கேலிக் தெரியாது. ஆனால் சின்ன வயதில் அப்பா மனப்பாடம் செய்ய வைத்த பெயர்ச்சரம் ஒன்று தெரியும் என்று தயங்கித் தயங்கிச் சொல்ல ஆரம்பித்திருக்கிறார். நாலாவது பெயரில் அவருக்கு மறந்துபோய்விட்டது. மிச்சத்தை இந்தப் பக்கத்திலிருந்து வால்டர் சொல்லி முடித்தான். நீல் தொலைபேசியிலேயே அழுதுவிட்டாராம்.

போன மே மாதம் நீல் வந்தார். எஃபி அவர் முகத்தைக் கிட்டே இழுத்துப் பார்த்து, “அண்ணன் ஆங்கஸோட காது” என்றாள். பிறகு அவர் கையை விடவே இல்லை. ஐந்தாம் நாள் காலையில், வால்டர் கஞ்சி எடுத்துவரப் போன நேரத்தில் போய்விட்டாள். நல்ல சாவு. வழி முடியவில்லை என்று தெரிந்துகொண்டு போனாள்.

பெட்டிக்குப் பலகை இழைத்துக்கொண்டிருந்தபோது வால்டர் பட்டறைக்கு வந்தான். வழக்கம்போல, யார் வீட்டுச் சாவோ என்பது மாதிரி, முறை சொன்னான்.

“தலைமாட்டுக்கு நீல். கால்மாட்டுக்கு ஸ்கை தீவுலேர்ந்து வந்திருக்கற அத்தையோட அம்மா வழிப் பெரியவர். அடுத்தது அவர் தம்பி.” இப்படியே ஏழு பேர். “எட்டாவது நீ, பக்கத்து வீடு.”

இழைப்புளியைக் கீழே வைத்தேன். “நீ எங்கடா?”

“எனக்கு மண்வெட்டி போதும். குழி மூட ஆள் வேணும்ல?”

“மண்வெட்டியாலேயே உன் மண்டையில போடுவேன். வந்து அஞ்சு நாள் ஆனவன் தலைமாட்டுல நிப்பான், நீ மண்ணு தள்ளுவியா?”

“கோவப்படாத லாக்கி. நீல் வீட்டு ஆளுங்க ஆசைப்பட்டுப் போனவங்க இல்ல. கூரையைப் பிரிச்சுப் போட்டுத் துரத்தினாங்க. அன்னியிலேர்ந்து அந்த வீட்டு ஆள் ஒருத்தன்கூட இந்த மண்ணுல கயிறு புடிச்சதில்ல. நீல்கிட்ட சொல்லிட்டேன். அவர் மகளுக்குப் போன் பண்ணி, எனக்குத்தான் தலைமாடுன்னு சொன்னாரு. குழந்தை மாதிரி சந்தோஷம். அதைப் புடுங்கவா சொல்ற?”

“அது சரி. உன் விஷயம்?”

“நான் கவர்மென்ட் அனுப்பின பையன். என்னை வளர்க்க அத்தைக்கு மாசாமாசம் பணம் வந்துச்சு.”

“பதினஞ்சு வயசுல பணம் நின்னுச்சே, அன்னிக்கே உன்னை வெளிய தள்ளினாளா?”

“ரத்தம்னா ரத்தம்தான். ஊருக்கெல்லாம் அதையே சொல்லிட்டு, எனக்கு மட்டும் மாத்திக்கச் சொல்றியா? என் வார்த்தையை அப்புறம் எவன் நம்புவான்?” என்று சொல்லிவிட்டுப் போனான்.

இதில் எனக்கு வந்த கோபம் என்னவென்றால், அவன் சொன்னதில் பாதி சரி. நீல் நல்ல மனிதர். நூற்றெழுபது வருடம் கழித்து வந்த ஆளிடம், தள்ளி நில் என்று எந்த வாயால் சொல்வது?

எஃபியைப் பாடையில் வைத்து, ஆண்கள் தோள் மாற்றி மாற்றிக் கடலோரப் புல்வெளி வழியாகச் சுமந்தோம். காற்று பலமாக இருந்தது. கல்லறைத் தோட்டத்தில் கயிற்றுக்குக் கேலிக்கில் ஆள் கூப்பிடுவது என் வேலை. அங்கே கூப்பிடுகிறவன் குரலைத் தவிர வேறு குரல் எழும்பாது. பாதிரியார்கூட வாய் திறக்க மாட்டார். அதுதான் எங்கள் வழக்கம். பாடை வரும் வழி முழுக்க நான் யோசித்துக்கொண்டு வந்தது அந்த வழக்கத்தைத்தான். அங்கே வைத்து வால்டர் என்னோடு சண்டை போட முடியாது.

எல்லாரும் குழியைச் சுற்றி நின்றார்கள். வால்டர் மண்வெட்டியோடு பின்னால். நீல் தொப்பியைக் கழற்றிவிட்டு ஓர் அடி முன்னால் வந்துவிட்டார்.

“ஒண்ணு” என்றேன். “வால்டர். எஃபி மகன், டொனால்ட் பேரன், ஆங்கஸ் கொள்ளுப்பேரன்.”

நீல் எடுத்து வைத்த காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அதைப் பார்த்தபோது என் நெஞ்சு வலித்தது, மறைக்க மாட்டேன். வால்டர் என்னைப் பார்த்த பார்வையில் பெட்டிக்கு முன்னால் நான் குழிக்குள் போயிருக்க வேண்டும். அசையவில்லை. நானும் அசையவில்லை. ஸ்கை தீவுப் பெரியவர் சற்று விலகி அவனுக்கு வழி விட்டார். யாரோ அவன் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டார்கள். அவன் வந்து தலைமாட்டில் நின்று கயிற்றைப் பிடித்தான்.

“ரெண்டு. நீல். ஆங்கஸ் மகன், ரூரி பேரன்” என்று கால்மாட்டுக்குக் கூப்பிட்டேன். மற்றவர்கள் ஒவ்வொரு இடம் தள்ளிப்போனார்கள். எட்டாவதாக இருந்த என் இடம் போயிற்று. கயிறு இல்லாமல் நின்று, எஃபி இறங்குவதைப் பார்த்தேன். பெட்டி ஒரு பக்கம்கூடச் சாயவில்லை. என் காதைத் திருகியவளுக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன். அவள் அந்தக் கவைக்கோலைப் பிடித்திராவிட்டால் இப்படி ஒரு சிநேகிதன் எனக்குக் கிடைத்திருக்க மாட்டான்.

குழி மூடியதும் தோட்டத்து வாசல் கதவருகே விஸ்கியும் பாலாடைக்கட்டியும் கொடுப்பது வழக்கம். வால்டர் நேராக என்னிடம் வந்தான்.

“நாப்பது வருஷத்துல ஒரு முறை தப்பாச் சொன்னதில்லடா நான். என் அத்தை சாவுல என்னைப் பொய்யனாக்கிட்டே. அந்த மனுஷன் மூஞ்சியைப் பாத்தியா?”

நீல் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். வைதால் வாங்கிக்கொள்ளலாம் என்று நான் கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன்.

“லாக்லன், நீங்க கூப்பிட்டதுல எனக்கு ஒரு வார்த்தைதான் புரிஞ்சுது. மகன்ங்கற வார்த்தை. எங்க அப்பா சொல்லிக்குடுத்த பேர்ச்சரத்துல அது ஒண்ணுக்குத்தான் எனக்கு அர்த்தம் தெரியும்” என்றார்.

“மன்னிச்சுக்கோங்க நீல், இவன் புத்தி கெட்டவன்” என்றான் வால்டர். “அந்த எடம் உங்களுது.”

“எனக்கும் முதல்ல சுருக்னுதான் இருந்துச்சு. பொய் சொல்லல.” நீல் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே பேசினார். “எழுபது வயசுல ஒரு சொந்தம் கெடச்சுது. அஞ்சு நாள்ல போயிடுச்சு. ஊருக்குப் போய் மகள்கிட்ட என்ன சொல்றது, அங்க இனிமே யாரும் இல்லம்மான்னுதானே சொல்லணும்னு நெனச்சு ராத்திரி தூங்கல. கயிறு கையில இருக்கும்போதுதான் ஒறச்சுது. எஃபிக்கு ஒரு மகன் இருந்தா, எனக்கு இங்க ஆள் இருக்கு இல்லையா?”

வால்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நீல் விடவில்லை.

“ஊர்ல எல்லாருக்கும் சொல்றீங்க. எனக்கும் சொல்லுங்க. நான் உங்களுக்கு என்ன வேணும்?”

வண்டியை அணைக்காமலே பதில் சொல்கிறவன், கல்லறைத் தோட்டத்து வாசலில் முறை தெரியாமல் என் முகத்தைப் பார்த்தான்.

“சரி, என் பக்கத்தை நான் சொல்றேன்” என்று நீல் விரலை மடக்க ஆரம்பித்தார். “நான் நீல். எங்கப்பா ஆங்கஸ். அவர் அப்பா ரூரி. அவருக்கு அப்பா ஆங்கஸ். அவருக்குக் கப்பல்ல வந்த ரூரி. அவருக்குப் பெரிய ஆங்கஸ், அங்கதான் ரெண்டு வீடும் ஒண்ணு. இப்ப நீங்க அந்தப் பக்கத்துலேர்ந்து வாங்க.”

வால்டர் தன் கையைப் பார்த்தான். கயிறு அழுத்திய தடம் அதில் சிவப்பாக இருந்தது. கட்டைவிரலை மடக்கினான். மறுபடி பிரித்தான். பிறகு மடக்கிக்கொண்டு, “எங்கம்மா எஃபி” என்று ஆரம்பித்தான்.