கேள்வி கேட்கிற படம்

அடிவாங்கப்போகிற இடத்தை ரெங்கம்மாள் முதலில் வெறுங்காலால் நடந்து பார்ப்பார். அறுத்த நெல்தாள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, நத்தை ஓடு கிடக்கிறதா, யாராவது பாட்டில் உடைத்துப் போட்டிருக்கிறார்களா என்று பாதம் தேடும். பிறகு கொண்டையை அவிழ்த்து, முடியோடு ஒரு கறுப்புக் கயிற்றைச் சேர்த்து வேருக்குப் பக்கத்தில் இறுக்கிக் கட்டுவார். இழுக்கிறவர் கயிற்றைப் பிடித்தால் வலி பாதியாகும். “கேமராவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்ல.”

பாபநாசத்துக்குப் பக்கத்துக் கிராமம். வயது ஐம்பத்து மூன்று. நடவும் களையெடுப்பும் இல்லாத நாட்களில் சினிமாவில் அடிவாங்குகிறார். பதினோரு படங்கள், அவற்றில் ஆறில் செத்திருக்கிறார். இந்த அனுபவத்தில் சினிமாவை அவர் இரண்டு வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார். “சும்மா சண்டைப் படம்னா ஒரு அறை, ரெண்டு மிதி, சோத்துக்கு விட்ருவாங்க. வன்முறையைக் கேள்வி கேக்குற படம்னு வந்தாங்கன்னு வைங்க, பொழுது சாயுற வரைக்கும் அடிதான்.”

போன வருஷம் வந்த இயக்குநர் மதிவாணன் கேள்வி கேட்கிறவர். முதல் நாள் எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, “நம்ம படம் வன்முறையைக் கொண்டாடாது” என்று அரைமணி நேரம் பேசினார். பேசி முடித்துவிட்டு மேக்கப்காரரிடம், ரத்தம் போதாது என்றார்.

பண்ணையார் வேஷம் துரைராசுவுக்கு. நிஜத்தில் பள்ளிக்கூட ஓவிய வாத்தியார். ரெங்கம்மாளை வரப்பிலிருந்து களம் வரை இழுத்துப்போட்டதும், “தப்பா எடுத்துக்காதீங்கக்கா” என்று கைகூப்பிவிடுவார். பண்ணையார் கைகூப்புவது படத்தில் விழுந்ததால் இரண்டு டேக் வீண்.

ஏழாவது டேக்கில் வேறு சிக்கல். ரெங்கம்மாள் கத்தவில்லை.

“கத்துங்கம்மா” என்றார் மதிவாணன்.

“கத்த மாட்டாங்க தம்பி. எங்கம்மாவைக் களத்துல வச்சு அடிச்சப்ப நான் பக்கத்துலதான் நின்னேன். எனக்கு எட்டு வயசு. கூலி நெல்லு கூடக் கேட்டுச்சுன்னு அடி. முந்தானையை வாயில அடைச்சிக்கிட்டு நின்னுச்சு. சத்தம் கேட்டா எங்கப்பா ஓடியாந்துருவாரு, அவரையும் அடிப்பாங்கன்னு.”

துரைராசு பிரம்பைக் கீழே வைத்தார். மதிவாணன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உண்மையான கண்ணீர்தான், அதில் சந்தேகம் வேண்டாம். துடைத்து முடித்ததும் சொன்னார்:

“அந்த முந்தானை போஸ்டருக்கு ரொம்ப நல்லா இருக்கும்மா. ஆனா சீன்ல கத்திடுங்க. ஆடியன்ஸுக்கு வலி போய்ச் சேரணும்ல.”

ரெங்கம்மாள் அவரையே சற்று நேரம் பார்த்தார். பிறகு கத்தினார். வாய்க்கால் ஓரம் நின்ற கொக்குகள் மொத்தமாக எழுந்து பறந்தன. அதுவும் படத்தில் விழுந்துவிட்டதில் மதிவாணனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

படம் வெளியானதும் மகள் சுடர்விழி அவரைத் தஞ்சாவூருக்கு அழைத்துப்போனார். ஒரத்தநாட்டில் நர்ஸாக இருக்கிற சுடர்விழி, அம்மா செத்த படம் எதையும் இதுவரை பார்த்ததில்லை. இதில் சாகவில்லை என்று சொன்ன பிறகுதான் வந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பகல் காட்சி. பாதிக்குமேல் கல்லூரிக் கூட்டம்.

வரப்பு வந்தது. துரைராசு வந்தார். இழுப்பதை நிதானமாக, வயலின் இசையோடு, மண் துகள் ஒவ்வொன்றும் தெரியும்படி காட்டினார்கள். சுடர்விழி அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “வெளிய போயிரலாமாம்மா?” என்றார்.

“இரு.”

ரெங்கம்மாள் இருக்கையில் காலை மடித்துப் போட்டு, திரைக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தார். பின்வரிசையில் ஒரு பெண் கையால் வாயைப் பொத்தியிருந்தாள். ஒருவன் செல்போனை உயர்த்திப் பிடித்திருந்தான். அவனுக்குப் பக்கத்தில் இருந்தவனின் கை பாப்கார்னுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுபோயிருந்தது. தன்னுடைய அலறல் அரங்கத்தை நிறைத்துக்கொண்டிருக்க, ரெங்கம்மாள் வெளிச்சம் விழுந்த முகங்களை வரிசை வரிசையாக, ஒன்றையும் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.